மூடிவைத்த தட்டு

மூன்றாவது முறையும் அரிசி வெளியே வந்து விழுந்தது.

ரத்தினவேல் குனிந்த நிலையிலேயே நின்றார். மனைவி சந்திரம்மாளின் உதட்டோரத்திலிருந்து சரிந்த அரிசி கன்னத்தில் வழிந்து, சாமந்தி மாலைக்குள் போய் மறைந்தது. அவருக்கு முன்னால் பதினோரு பேர் வாய்க்கரிசி போட்டிருந்தார்கள். அவர்கள் போட்டதில் ஒரு மணிகூட வெளியே வரவில்லை.

"நாடிக்கட்டு இறுக்கமா இருக்குங்க ஐயா. கொஞ்சம் தளத்தி விடுறேன்," என்று சடங்கு செய்ய வந்திருந்த பிச்சமுத்து, தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியின் முடிச்சை நெகிழ்த்தினார். "இப்பப் போடுங்க."

நான்காவதும் விழுந்தது.

வேறு ஒருவராக இருந்தால் ஒதுங்கிப் போய் அழுதிருப்பார். ரத்தினவேல் எதற்கும் காரணம் கண்டுபிடித்து அதை மூன்று குறிப்பாகப் பிரித்து மேடையில் பேசிப் பழகியவர். கோளாறு அரிசியில்தான் என்று அவருக்கு உடனே பட்டது. அவர் கிண்ணத்தில் வைத்திருந்தது தூயமல்லி. மருங்காபுரிப் பக்கம் ஒரு விவசாயியிடம் சொல்லிவைத்து, வருஷா வருஷம் மூட்டையாக வாங்கும் பழைய ரகம். "சாவுலயும் அவ வாயில கண்ட அரிசி விழக்கூடாது" என்று கால்மணி நேரம் முன்புதான் பிடிவாதமாகச் சொல்லி, தகர டப்பாவிலிருந்து தானே அள்ளி வந்திருந்தார்.

"மச்சான், நம்ம அரிசியப் போட்டுப் பாருங்க," என்றான் சந்திரம்மாளின் தம்பி தர்மராஜ். துறையூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு, தன் வயலில் விளைந்த அரிசியும் ஒரு பை கொண்டுவந்திருந்தான். கடையில் விதை வாங்கி விதைத்த சாதாரண அரிசி. மற்ற நாளாக இருந்தால் அந்தப் பையைப் பார்த்ததுமே ரத்தினவேல் அரைமணி நேரம் பிரசங்கம் செய்திருப்பார். இப்போது கையை நீட்டி வாங்கினார்.

அதுவும் விழுந்தது.

பிச்சமுத்து மாலைக்குள் சிக்கியிருந்த இரண்டு அரிசியையும் ஒன்றாகப் பொறுக்கித் தன் கையால் போட்டார். அப்படியே உள்ளே நின்றது. அரிசியில் கோளாறு இல்லை, கையில்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "மனத்தாங்கலோட போயிருக்கா," என்று மெல்லச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் வாசனை வந்தது. அரிசி கொதிக்கும் வாசனை. கஞ்சி பொங்கி விளிம்பில் வழிந்து அடுப்பில் தீயும்போது வருமே, அந்த வாசனை.

"யாருப்பா அடுப்பப் பத்த வெச்சது? இன்னும் எடுக்கவே இல்ல, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

தர்மராஜின் மனைவி இருளாயி உள்ளே ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு. சிலிண்டரும் மூடித்தான் இருக்கு," என்றாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, ரத்தினவேலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் அந்த வீடு. கீழே ரத்தினவேலும் சந்திரம்மாளும், பிள்ளைகள் கிடையாது. மாடியில் சம்ரீன் என்ற பெண் குடியிருந்தாள். ரத்தினவேல் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மரபணு மாற்றிய கத்திரிக்காய் வரப்போகிறது என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்ட வருஷத்தில் மேடை ஏறியவர், அப்புறம் இறங்கவில்லை. திருச்சியில் அவருக்கு 'கத்திரிக்கா வாத்தியார்' என்றே பெயர். கத்திரிக்காய்ப் பேச்சு ஓய்ந்தபோது கடுகு வந்தது, இப்போது அரிசி. எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் சமையலில் வந்து நிற்பார். "விதைக்கும் வயிற்றுக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல் சமையல்கட்டு! அதை விட்டுக்கொடுத்தவன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவன்!" என்று அவர் குரலை உயர்த்தும்போது கைதட்டல் அள்ளும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் முப்பத்து நான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் ஒரு நாள்கூட அடுப்பைப் பற்றவைத்தவரில்லை. வெந்நீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்து குரல்தான் வரும்.

ஒன்பது நாளைக்கு முன்னால் டவுனில் ஒரு கல்லூரி அரங்கத்தில் கூட்டம். மரபணு திருத்திய அரிசி வேண்டுமா, வேண்டாமா என்று விவாதம். எதிரணியில் ஆனந்தவள்ளி என்ற ஆராய்ச்சி மாணவி, மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் பாயிண்ட் பாயிண்டாகப் பேசினாள். ரத்தினவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுக்காரியின் கண்ணைக் கட்டிவிடுங்கள். ஆய்வுக்கூடத்து அரிசி எது, மண்ணில் பிறந்த அரிசி எது என்று தொட்டே சொல்வாள்!" என்று சவால் விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சந்திரம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்திருக்க மாட்டேனென்று தலையை ஆட்டினாள். அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்.

இரண்டு கிண்ணம் வைத்தார்கள். கண்ணைக் கட்டினார்கள். சந்திரம்மாள் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு மணியைக் கடித்தும் பார்த்தாள். மைக்கை வாயருகே கொண்டுபோனதும், "ரெண்டும் அரிசிதாங்க. வெந்தாத்தான் தெரியும்," என்றாள்.

அரங்கம் சிரித்தது. அவள் அதோடு விட்டிருக்கலாம். "யாரு சாப்பிடப் போறாங்கன்னு சொல்லுங்க, எவ்வளவு வேகணும்னு நான் சொல்றேன்," என்றும் சொல்லிவிட்டாள். கைதட்டல் எழுந்தது. ஆனந்தவள்ளியும் எழுந்து நின்று தட்டினாள். ரத்தினவேலுக்கு மட்டும் அந்தச் சத்தம் செருப்படி மாதிரி கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து, "எனக்கு இனிமே இங்க சமைக்க வேணாம்," என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மூன்று வேளையும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட்டார். அங்கே என்ன அரிசி போடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாளான இன்று மதியம் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. எச்சில் கையோடு எடுத்தார். "சார், சீக்கிரம் வாங்க, அம்மா அடுப்புக்கிட்ட விழுந்து கெடக்காங்க," என்று சம்ரீன் அழுதாள். அடுப்பில் அரிசி பாதி வெந்துகொண்டிருந்தது என்றும், தான்தான் அணைத்தேன் என்றும் அப்புறம் சொன்னாள்.

வந்து பார்த்த டாக்டர், நாடியைத் தேடிக் கையை விட்டுவிட்டு, "சுகர் உள்ளவங்களா? காலையில ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். ரத்தினவேலுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் எடுத்தார்கள். ஓயாமரி சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டு, ஆற்றில் முழுகி ஈரத்துணியோடு ரத்தினவேல் திரும்பி வந்தபோது வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் இன்னும் காயவில்லை. சம்ரீன் தன் வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அவருக்கு இறங்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

"கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க சார்," என்றாள் சம்ரீன். "அம்மாவும் இப்படித்தான். நீங்க சாப்பிடாம அவங்க சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

"நான்தான் வெளிய சாப்டுட்டு வந்தேனே."

"வெளிய தானே சார்? தினம் ரெண்டு பேருக்கு வடிச்சு உங்க தட்டப் போட்டு மூடி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. நீங்க எப்ப வந்து உக்காந்தாலும் சூடா இருக்கணும்னு. சாயங்காலம் அத மாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணி குடிப்பாங்க. சுகர் மாத்திரைய மட்டும் நேரத்துக்குப் போட்டுக்குவாங்க. 'அவரு கோவம் எத்தன நாளைக்கும்மா, நாளைக்கு உக்காந்துருவாரு'ன்னு சிரிப்பாங்க."

டாக்டர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது. ரத்தினவேல் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

இருளாயி சமையலறையைக் கழுவிவிடப் போனவள், வாசற்படியில் வந்து நின்று, "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டாள்.

அடுப்பின்மேல் சோற்றுக் குண்டான் இருந்தது. மேலே மூடி. "காலங்காத்தால இருந்து சொல்லலாம்னு பாத்தேன்… இல்ல, மத்தியானத்துல இருந்து," என்று அவளுக்கு நாக்குக் குழறியது. "தொட்டுப் பாருங்க."

தொட்டார். சுட்டது. அடுப்பை அணைத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் அந்த ஜன்னல் வழியாகத்தான் இறங்கும், பின்கட்டுச் சமையலறைக்குத் தகரக் கூரை வேறு, அதனால் இருக்கும் என்று ரத்தினவேல் முதல் காரணத்தைக் கண்டுபிடித்தார். இரண்டாவது காரணம் கிடைக்கவில்லை. மூடியைத் திறந்தார். அரிசி பாதி வெந்து, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு தண்ணீரில் கிடந்தது.

பக்கத்து மேடையில் ஒரு தட்டு, அதைக் கவிழ்த்து மூடியபடி இன்னொரு தட்டு. அவர் சாப்பிடும் தட்டுதான். இன்னும் பரிமாறவே இல்லை, சும்மா கழுவித் துடைத்து மதியமே மூடிவைத்த தட்டு. மேல்தட்டை எடுத்தார். உட்பக்கம் முழுக்க ஆவி பிடித்து, சூடான சோற்றை மூடியதுபோல முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஒரு துளி இறங்கி அவர் விரலில் விழுந்தது.

"இந்த அரிசியக் கொட்டிரட்டுமாண்ணே?" என்றாள் இருளாயி, குண்டானைப் பார்க்காமல்.

"கொட்டாத," என்றார். "இருக்கட்டும்."

மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போவதற்கு முன்னால் படையலுக்குச் சமைக்க வேண்டும். இருளாயி காய்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு என்ன புடிக்கும்? அதச் செஞ்சு வெப்போம். காக்கா ஒடனே வந்து எடுக்கும்," என்று கேட்டாள்.

ரத்தினவேல் யோசித்தார். கத்திரிக்காயின் நாற்பது நாட்டு ரகங்களை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர். எந்த அரிசி எந்த மண்ணில் விளையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சந்திரம்மாள் எதை விரும்பிச் சாப்பிட்டாள் என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. அவள் பரிமாறுவது கண்ணுக்குள் வந்தது. அவள் குனிந்து இன்னும் கொஞ்சம் போடுவது வந்தது. அவள் வாயில் கவளம் போவது மட்டும் வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர் கைகழுவி எழுந்து பேப்பர் படிக்கப் போய்விடுவார். அதன் பிறகுதான் அவள் உட்காருவாள். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.

இருளாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்து வருஷமாக இந்த மனுஷன் மேடையில் பேசுவதைக் கேட்டவள் அவள். வடைக்கு ஊறப்போட்டதை எடுத்து அரைக்கப் போனாள்.

குண்டானில் இருந்த அரிசி ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தும் புளிக்கவில்லை. ரத்தினவேல் அதை அடுப்பில் ஏற்றித் தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி ஒடிந்தது, இரண்டாவது அணைந்தது. மூன்றாவதில் அடுப்பு 'பக்'கென்று பற்றியபோது பின்னால் நகர்ந்தார். கொதி வந்தது. கரண்டியை விட்டுக் கிளறினார். எதைப் பார்த்து இறக்குவது என்று தெரியவில்லை.

"இருளாயி, வெந்துருச்சான்னு எப்படிப் பாக்குறது?"

"ரெண்டு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாருங்கண்ணே. உள்ள வெள்ளையா முள்ளு இருக்கக் கூடாது."

கொதிக்கும் பருக்கையை வெறும் விரலால் எடுத்துச் சுட்டுக்கொண்டார். நசுக்கினார். முள் இருந்தது. இன்னும் கொஞ்சம் வேகவிட்டார். மறுபடி பார்ப்பதற்குள் குழைந்துவிட்டது. உப்புப் போடவேண்டுமா என்று கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டார். புறப்படும்போது அந்தச் சோற்றை ஒரு தூக்குவாளியில் போட்டு, தன் தட்டையும் ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டார். தட்டு எதற்கு என்று தர்மராஜ் கேட்டதற்கு, "இருக்கட்டும்," என்றார்.

பால் தெளித்து எலும்பு பொறுக்கி, அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து ஆற்றில் கரைத்தபோது மணி பத்து. தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு போனது. கரைத்த சாம்பல் உடனே போகவில்லை. ஒரு கை அகலத்துக்குப் படியை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தது. ரத்தினவேல் மேலேறிய பிறகுதான் விலகிப் போனது. பார்த்த தர்மராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

படியோரத்தில் இலை போட்டார்கள். வடை, பாயசம், கத்திரிக்காய்க் குழம்பு, ஓரத்தில் குழைந்த சோறு. "கா… கா…" என்று தர்மராஜ் கூப்பிட்டான். அம்மா மண்டபத்துக் காக்கைகளுக்குக் கூப்பிடவே தேவையில்லை. கையிலிருக்கும்போதே பிடுங்கும் ஜாதி. பக்கத்தில் வேறொரு குடும்பம் வைத்த பிண்டத்தை ஏழெட்டுக் காக்கைகள் அடித்துப் பிடித்துத் தின்றன. இந்த இலைப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

ஒரு காக்கை மட்டும் வந்தது. கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்தது. இலையைப் பார்க்கவில்லை, ரத்தினவேலைத்தான் பார்த்தது. அவர் இரண்டடி நகர்ந்தால் கம்பியில் அதுவும் இரண்டடி நகர்ந்தது. பிறகு கீழே இறங்கி, இலையைத் தாண்டி நடந்து, அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தலையைச் சாய்த்து அவர் கையைப் பார்த்தது. ஆள் பக்கத்தில் போனால் பறக்க வேண்டியது, பறக்கவே இல்லை.

"என்ன கொறைன்னு தெரியலையே," என்று இருளாயி அழ ஆரம்பித்தாள். "அக்கா, எதுவா இருந்தாலும் நாங்க பாத்துக்குறோம். எடுத்துக்கக்கா."

அரைமணி நேரம் ஆயிற்று. வெயில் படியில் ஏறியது. வாய்க்கரிசி ஏன் விழுந்தது என்று நேற்றிலிருந்து ரத்தினவேல் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அரிசியா, கையா என்று இரண்டு கட்சி கட்டி மனசுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டும் இல்லை என்று இப்போது தெரிந்தது. மாடியிலிருந்து வந்த சம்ரீன் நேற்றே சொல்லிவிட்டாள். அவர்தான் கேட்கவில்லை.

பையிலிருந்து தட்டை எடுத்தார். இலைக்கு எதிரே ஈரப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து தட்டில் சோற்றைக் கவிழ்த்தார்.

"மச்சான்! என்ன பண்றீங்க?" தர்மராஜ் பதறிப்போய்த் தோளைப் பிடித்தான். "காக்கா தொடாம நாம தொடக் கூடாது."

"உங்கக்கா எனக்கு முன்னால சாப்பிட்டதில்ல மாப்ள," என்றார் ரத்தினவேல்.

தர்மராஜின் கை தோளிலிருந்து இறங்கியது.

முதல் கவளத்தை வாயில் வைத்தார். உப்பில்லை. ஒரு பக்கம் குழைவு, இன்னொரு பக்கம் முள். தொண்டையில் நின்றதைத் தண்ணீர் குடிக்காமல் விழுங்கினார். பத்து நாளைக்குப் பிறகு வீட்டுச் சோறு.

காக்கை திரும்பி நடந்தது. அவசரமில்லாமல் இலையைச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கத்தில் நின்றது. வடையை விட்டுவிட்டு, பாயசத்தை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்த குழைந்த சோற்றில் அலகை வைத்தது. ஒரு பருக்கை எடுத்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது. இன்னொன்று எடுத்தது.

இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "எடுத்துக்கிச்சு, எடுத்துக்கிச்சு," என்றான் தர்மராஜ். "எந்திரிங்க மச்சான், கைய கழுவிக்கங்க. போலாம்."

ரத்தினவேலின் தட்டு காலியாகியிருந்தது. அவர் எழவில்லை. விரல்களில் ஒட்டிய சோறு காய்ந்து இறுகிக்கொண்டிருக்க, காக்கை சாப்பிடுவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.